இருபது வயசு இண்டிகாவும் நானும்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் ஊர் இரண்டே கேள்விகள்தான் கேட்கும். "இன்னுமா ஓடுது?" என்பது ஒன்று. "எப்போ கொடுக்கப்போறீங்க?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஏழு வருஷமாகச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லி வருகிறேன். இரண்டாவதற்கு இந்த ஆகஸ்ட்டுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். காரணம், காருக்கு 20 வயது முடிகிறது. ஆர்.சி.யும் அதோடு முடிகிறது.

எங்கள் வீட்டு இண்டிகா வி2 டீசல், 2006 ஆகஸ்ட்டில் டி.என். 25 என்ற எண்ணோடு திருவண்ணாமலையில் பதிவானது. என் கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். அப்போது டீசல் லிட்டர் முப்பது ரூபாய்ச் சொச்சம். பெட்ரோலைவிட நன்றாகவே விலை குறைவு. "பெட்ரோல் கார் வாங்கினா ஓட்ட முடியாது, டீசல் கார் வாங்கினா நிறுத்த முடியாது" என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சம்மதிக்க வைத்தார்.

அன்றைக்கு இண்டிகா என்றால் ஒரு மரியாதை. 1998 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அதைக் காட்டினார்கள். அந்த வருஷக் கடைசியில் விற்பனைக்கு வந்தது. மாருதி ஜென் அளவு, அம்பாசிடர் போல உள்ளே இடம், மாருதி 800-க்குப் பக்கத்தில் விலை, டீசல் செலவு. ரத்தன் டாடா மனதில் இருந்த கணக்கு இதுதான். ஐந்து பேர் முட்டி இடிக்காமல் உட்காரலாம். எங்கள் குடும்பத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

2018 கடைசியில் கணவர் மாரடைப்பில் தவறினார். மகன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். வீட்டில் நான், மாமியார், அந்தக் கார். மூன்று பேர்தான் மிச்சம்.

"ஓட்டறதுக்கு ஆள் இல்ல, வித்துடு" என்றார்கள் எல்லோரும். மாமியாருக்கு அப்போது 79 வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரியில் இதயப் பரிசோதனை. போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போக 80 கிலோமீட்டருக்கு மேல். பஸ் படி ஏற அவர் முட்டி விடாது. இண்டிகாவின் சீட் மட்டும் அவருக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே திரும்பி உட்காரலாம்.

ஐம்பதாவது வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். நான் கணக்கு டீச்சர். என்னிடம் படித்த பையன்தான் அங்கே பயிற்சி கொடுத்தான். "மிஸ், கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்று அவன் சொல்லும்போது அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை!

நடை திறக்கும் வரை பொறுக்கணும்

ஓட்டக் கற்றுக்கொடுக்க பள்ளி இருக்கிறது. பழைய காரைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்க அப்படி எதுவும் இல்லை. எனக்கு அதைச் சொல்லித்தந்தவர் அவலூர்ப்பேட்டை ரோடு பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். அவர் மகளுக்கு நான் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்கு டீசல் சொல்லிக்கொடுத்தார்.

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் இருக்கும். டீசலில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடி சுடுகிறது இல்லையா, அதே விஷயம்தான். காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தினால் அது தணலாய்க் கொதிக்கும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். காலையில் என்ஜின் சில்லென்று இருக்கும்போது மட்டும் கொஞ்சம் உதவி தேவை. அதற்குத்தான் ஹீட்டர் பிளக். சாவியை ஒரு திருப்பு திருப்பினால் சுருள் போல ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

"கோயில்ல நடை திறக்கிற வரைக்கும் நிக்கறோமில்ல டீச்சர், அந்த மாதிரி" என்றார். மார்கழிக் காலையில் இன்றைக்கும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் சொன்னதுதான் ஞாபகம் வரும்.

இந்த அழுத்தத்தினால்தான் டீசல் காருக்குப் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது காலை ஸ்டார்ட்தான்.

மூன்று நிறப் புகை

அவர் கற்றுக்கொடுத்ததிலேயே பெரிய பாடம், புகையைப் படிப்பது.

கறுப்புப் புகை வந்தால், டீசல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கணும், அப்புறம் இன்ஜெக்டர் நாசிலை. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிரில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை, எரியாத டீசல்தான். என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால், கூலன்ட் உள்ளே போகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆயில் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியதுமே கறுப்பாகிவிடும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் பார்த்தால் பதறிப்போவார்கள். டீசல் கரியை ஆயில் தன்னோடு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நிறத்தைப் பார்க்காமல் அளவைப் பார்க்கணும், தேதியைப் பார்க்கணும்.

கால் டேங்குக்குக் கீழே டீசலை இறங்கவிடுவதில்லை. டீசல் சுத்தமாகத் தீர்ந்தால் பைப்பில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி எழுந்திருக்காது. காற்றை வெளியே எடுத்தால்தான் உண்டு. டேங்க் அடியில் வருஷக்கணக்காகத் தங்கிய கசடும் அப்போதுதான் ஃபில்டருக்கு வரும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். பங்க்கில் நின்றதும் கண்ணாடியை இறக்கி "டீசல்" என்று உரக்கச் சொல்வேன். வகுப்பறைக் குரல் அங்கே பயன்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே டைமிங் பெல்ட். அது ரப்பர். வெளியே தெரியாது, சத்தம் போடாது. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று விடக்கூடாது. நின்ற இடத்திலும் ரப்பருக்கு வயசாகும். இது ஹோஸ், புஷ், டயர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பழைய டயரைப் புதுசு போலத் தேய்த்து விற்றாலும் அந்த எண் பொய் சொல்லாது.

என் காரில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் அதிகம் கிடையாது. டீசல் பம்ப் முழுக்க முழுக்க இயந்திரம். அதனால்தான் செங்கத்திலோ போளூரிலோ நின்றாலும் ஒரு ஸ்பேனர் பெட்டியோடு வரும் ஆளால் சரிசெய்ய முடிகிறது. 2018-ல் இண்டிகா தயாரிப்பை நிறுத்தினாலும், பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. இங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து பஸ் பார்சலில் போட்டுவிடுவார்கள்.

நம்ம ஊர் வெயிலும் மழையும்

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலையும் பாறையும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும். பழைய காருக்கு மே மாதம்தான் பரீட்சை. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது இங்கே பலருக்குப் பழக்கம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். கூலன்ட்டைத் தவிர வேறு எதையும் நான் விடுவதில்லை. இரண்டு வருஷம் முன்பு போளூர் தாண்டி வயசான ஹோஸ் ஒன்று பிளந்தது. வெப்பமுள் ஏறியதுமே ஓரம்கட்டினேன். மாமியாரைப் புளியமர நிழலில் உட்காரவைத்து, மூடியைத் தொடாமல் அரைமணி நேரம் ஆறவிட்டோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகமே வெந்துவிடும்.

2024 டிசம்பர் 1-ம் தேதியை எங்கள் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்த ராத்திரி எங்கள் தெருவில் கார் சக்கரத்தின் பாதிக்குத் தண்ணீர் நின்றது. காலையில் தண்ணீர் வடிந்ததும், "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மெக்கானிக் வரும்வரை சாவியைத் தொடவில்லை. காற்றை இருபது மடங்கு அழுத்தலாம், தண்ணீரை அழுத்தவே முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அவர் வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். ஆயில் பால் கலந்த காபி போல இருக்கிறதா என்று பார்த்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார். பிறகுதான் சாவி. அன்றைக்குக் கார் ஓடியது. ஆனால் ஊரே துக்கத்தில் இருந்தபோது அதைச் சொல்லிச் சந்தோஷப்பட மனம் வரவில்லை.

எலிகளைப் பற்றியும் ஒரு வரி. காரை ஒரு வாரம் நிறுத்தினால் எலிக்கு அது வீடு, ஒயர் அதற்குச் சாப்பாடு. புகையிலை வைத்துப் பார்த்தாயிற்று. வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டராவது ஓட்டுவதுதான் நான் கண்ட வைத்தியம். என்ஜினுக்கும் அது நல்லது, பேட்டரிக்கும் நல்லது. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே அந்த ஓட்டம் முடிந்துவிடும்.

நோட்டில் இருக்கிற கணக்கு

கணவர் விட்டுப்போன ஒரு நீள நோட்டு இருக்கிறது. 2006-லிருந்து போட்ட டீசல், மாற்றிய சாமான் எல்லாம் அதில் உண்டு. அவர் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

2025-ம் வருஷக் கணக்கு இது: ஆயில், ஃபில்டர், சர்வீஸ் 7,800 ரூபாய். பின் டயர் இரண்டு 7,600. பேட்டரி 6,200. ஹோஸ், பெல்ட் 2,900. இன்ஷூரன்ஸ் 4,400. மொத்தம் 28,900. மாதத்துக்கு 2,400 ரூபாய். டீசல் தனி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது.

எட்டு லட்சம் கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்தால், 9 சதவிகித வட்டியில் ஏழு வருஷத்துக்கு மாதம் 12,870 ரூபாய் தவணை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். பென்ஷனில் தவணை கட்டும் தைரியம் எனக்கு இல்லை.

டீசலின் பழைய லாபமும் இப்போது கிடையாது. 2014 அக்டோபரில் அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. இப்போது லிட்டர் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பெட்ரோலுக்கும் அதற்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டது. இன்றைக்குப் புதிதாக ஒருவர் கார் வாங்கினால் டீசல் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இருக்கிற காரை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

"அது போற வரைக்கும் போகட்டும்மா, நானும் அப்படித்தானே ஓடிக்கிட்டிருக்கேன்" என்கிறார் மாமியார்.

மகன் கேட்ட கேள்வி

மகன் அப்படி விடவில்லை. அவன் மகளுக்கு ஆறு வயது. வீசிங் உண்டு. தீபத்துக்கு வந்திருந்தபோது நான் காரை ஸ்டார்ட் செய்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்: "அம்மா, இந்தக் கார்ல உனக்கு மிச்சமாகிற பணம் வேற. ஊருக்கு ஆகிற செலவு வேற. ரெண்டையும் ஒரே நோட்டுல எழுது."

நியாயமான கேள்வி. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. என் கார் வந்த காலத்தில் இங்கே பி.எஸ். 2 விதி. அந்த டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். இன்றைக்கு பங்க்கில் ஊற்றுவதில் 10 பங்குதான். எரிபொருள் சுத்தமாகியிருக்கிறது. ஆனால் புது டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, என் காரில் இல்லை. ஏர் பேக்கும் இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பழைய காரின் பெருமை பேச முடியாது. கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் அந்தப் புகையைத்தானே இழுக்கிறார்கள்?

அதனால் வேலையைப் பிரித்துவிட்டேன். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வங்கி எல்லாவற்றுக்கும் 2023-ல் வாங்கிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். கார் மாமியாரின் ஆஸ்பத்திரிக்கும் வாரம் ஒரு ஓட்டத்துக்கும் மட்டும். வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான். ராத்திரி ஹைவேயில் எடுப்பதில்லை. யாருக்காகவாவது காத்திருக்கும்போது என்ஜினை ஓடவிடுவதில்லை.

புகைச் சான்றிதழையும் சும்மா காகிதமாக வாங்குவதில்லை. டீசல் வண்டிக்கு நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, புகை எவ்வளவு அடர்த்தி என்று அளப்பார்கள். என் கார் போன்ற பழையவற்றுக்கு 65 வரை அனுமதி. எனக்கு ஒருமுறை 46 வந்தது. பாஸ்தான். ஆனாலும் மெக்கானிக்கிடம் சொல்லி நான்கு நாசிலையும் கழற்றிச் சோதித்து, புது ஏர் ஃபில்டர் போட்டோம். அடுத்த முறை 34. பாஸ் மார்க் வாங்கின பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆகஸ்ட்டுக்குள் ஒரு முடிவு

சட்டம் இதுதான்: சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் 10 வயதான டீசல் காருக்குத் தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், அதன் பிறகு நடக்கும் வழக்குகளும் செய்தியில் படித்திருப்பீர்கள். இங்கே அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. ஆனால் செலவு ஏறிவிட்டது. 15 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி.

பழைய கார் வாங்குகிறவர் ஒருவர் 45,000 தருகிறேன் என்றார். "பேர் மாத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றதும் அனுப்பிவிட்டேன். ஆர்.சி. என் கணவர் பேரிலிருந்து என் பேருக்கு மாறி வந்தது. அதே பேரில் கார் யாரிடமோ போய், எங்கேயோ விபத்தானால், போலீஸ் என் வாசலுக்குத்தான் வரும். விற்கிறவர்கள் யாராக இருந்தாலும் பேர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

என் முடிவு இப்படி. ஆகஸ்ட்டில் புகை அளவு 40-க்குள் வந்து, ஆய்வாளரும் வண்டி சரி என்றால் புதுப்பிப்பேன். இல்லையென்றால் அரசு அங்கீகரித்த வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்வேன். புதுப்பித்த பிறகும் ஒரே ரிப்பேருக்கு 40,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று மெக்கானிக் சொல்லும் நாள்தான் கடைசி நாள். அவரிடமும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எனக்கும் கஷ்டமா இருக்கும் டீச்சர், ஆனா உண்மையச் சொல்லிடறேன்" என்றார்.

ஆகஸ்ட் வரை வேலை இருக்கிறது. பின்பக்கக் கதவு ஓரம் துரு எடுத்து பெயின்ட் அடிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் மாற்ற வேண்டும். ஹெட்லைட் கண்ணாடி மங்கிவிட்டது. அதையும் பார்க்க வேண்டும்.

நிபந்தனையை மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரீடிங் என்ன வருதுன்னு எனக்கு வாட்ஸ்அப் பண்ணு" என்றான். போன மாதம் எடுத்த சான்றிதழில் 33. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"ஓகேம்மா. ஆனா பாப்பா வந்தா ஆட்டோதான்" என்று பதில் வந்தது.

அதுவும் சரிதான். பாப்பாவுக்கு ஆட்டோ, அவள் கொள்ளுப்பாட்டிக்கு இண்டிகா.